பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறதா? டிஸ்க் வாங்கும் முன் படியுங்கள்

இருபதாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய். பிரேக் பிடிக்கும்போது என் சிறிய காரின் ஸ்டியரிங் நடுங்குவதை நிறுத்துவதற்காக நான் கடை கடையாகக் கொடுத்த பணம் அது. அத்தனையும் கொடுத்த பிறகும் நடுக்கம் போகவில்லை. கடைசியில் தக்கலைப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயில் வேலையை முடித்தார். அதிலும் எண்ணூறு லேத்துக்காரருக்குப் போனது. என் கணவர் வளைகுடாவில் வேலை செய்கிறார். வீட்டில் கார் ஓட்டுவது நான் மட்டும்தான். நான் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவள்; இதற்கு முன் காருக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்தது கிடையாது. பெட்ரோல், காற்று, வருடத்துக்கு ஒரு சர்வீஸ், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பராமரிப்பு. யாரிடம் கேட்பது, எதைக் கேட்பது என்று தெரியாமல் அலைந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் வீடு குளச்சல் பக்கம். தினமும் திங்கள்சந்தை வழியாக நாகர்கோவில் போய் வருவேன். நம் மாவட்டத்துச் சாலைகள் தெரிந்ததுதான்: வளைவு, அதை ஒட்டி ஒரு கோயிலோ சர்ச்சோ, அடுத்து ஒரு சந்திப்பு, எதிரில் பஸ். அறுபதைத் தாண்டுவதே அபூர்வம். அதனால் காரில் இந்தக் கோளாறு எப்போது தொடங்கியது என்று என்னால் சொல்லவே முடியாது. அம்மாவின் கண் சிகிச்சைக்காகத் திருநெல்வேலி போக ஆரம்பித்த பிறகுதான் வெளியே தெரிந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் கார் அசைந்தபோது காற்று என்று நினைத்தேன். ஆடி மாதத்தில் முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே ஓட்டியவர்களுக்கு அது புதிதல்ல. ஆனால் காவல்கிணற்றில் நான்குவழிச் சாலை ஏறி, வள்ளியூரைத் தாண்டி, நாங்குநேரி சுங்கச்சாவடி நெருங்கும்போது தொண்ணூறில் இருந்து பிரேக்கை மெல்ல அழுத்தினேன். ஸ்டியரிங் இடமும் வலமுமாகப் படபடவென்று அடித்தது. எண்பதில் உச்சம், அறுபதில் தணிந்தது, நாற்பதில் ஒன்றுமே இல்லை. அம்மா பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்ப மனமில்லாமல் நான் மட்டும் வியர்த்துக்கொண்டு காரை வரிசையில் நிறுத்தினேன்.

முதலில் போனது ஒரு டயர் கடைக்கு. “ஸ்டியரிங் ஆடுகிறது” என்றேன். கடைக்காரர் அடுத்த கேள்வி கேட்கவில்லை. வீல் பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது), அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரி செய்வது), ஆயிரத்து நூறு ரூபாய். இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேலன்சிங் கெட்டிருந்தால் பிரேக் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில், பெரும்பாலும் எண்பதுக்கும் நூறுக்கும் இடையில், ஸ்டியரிங் ஆடும். வேகம் அதைத் தாண்டினால் குறையவும் செய்யும். அலைன்மென்ட் கெட்டிருந்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். நடுக்கம் அதன் வேலையல்ல. சமதளத்தில் தொண்ணூறில் போகும்போது ஸ்டியரிங் அமைதியாக இருந்து, பிரேக்கில் கால் பட்டதும் நடுங்கி, காலை எடுத்ததும் நின்றுவிட்டால் குற்றவாளி பிரேக் பக்கம்தான் இருக்கிறான். “ஸ்டியரிங் ஆடுகிறது” என்று கடையில் சொன்னால் போதாது. “பிரேக் பிடித்தால் மட்டும் ஆடுகிறது, இன்ன வேகத்தில் இருந்து இன்ன வேகம் வரை” என்று சொல்ல வேண்டும். முதல் வாக்கியத்துக்கு அவர்கள் பேலன்சிங் மெஷினைக் காட்டுவார்கள். இரண்டாவதைக் கேட்டால்தான் சக்கரத்தைக் கழற்றுவார்கள்.

அடுத்த கடையில் முன்டயர்கள் இரண்டும் “உள்ளே கம்பி விட்டுவிட்டது” என்றார்கள். ஒன்பதாயிரத்து நானூறு. டயருக்கு வயதாகியிருந்தது உண்மைதான், அந்தப் பணத்துக்காக நான் அழவில்லை. நடுக்கம் மட்டும் துளியும் குறையவில்லை.

மூன்றாவது இடத்தில் காரைத் தூக்கி, லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையின் ரப்பர்) போய்விட்டது என்று இரண்டாயிரத்து அறுநூறு வாங்கினார்கள். இதில் பாதி நியாயம் இருந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராடு முனை போன்ற முன்சக்கர மூட்டுகளில் தளர்வு இருந்தால், பிரேக்கில் பிறக்கும் சிறு அதிர்வைக்கூட அவை பெரிதாக்கி ஸ்டியரிங்கில் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் அதிர்வைப் பிறப்பிப்பது அவை அல்ல. மாற்றிய பிறகு என் காரில் நடுக்கம் கொஞ்சம் மந்தமானது, அவ்வளவுதான். புஷ் போய்விட்டது என்று யாராவது சொன்னால் கடப்பாரை போன்ற கம்பியால் நெம்பிக் காட்டச் சொல்லுங்கள். ரப்பர் கிழிந்திருப்பதையும் இரும்பு லொடலொடப்பதையும் நம் கண்ணே பார்த்துவிடும்.

இந்தக் கடையில்தான் எனக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது. பணம் கொடுத்துவிட்டு, “இன்னும் நடுங்குகிறதே” என்றேன். அந்தப் பையன் காரை எடுத்துக்கொண்டு போய், பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, “ஒன்றும் இல்லை டீச்சர், நீங்கள் பிரேக்கை மிதிக்கும் விதம் அப்படி. வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தால் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்” என்றான். சந்தை நாளில், தெருவுக்குள், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் யாருக்கு என்ன தெரியும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். என் காரின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் ஓடும். தொண்ணூறு கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர். சக்கரம் நொடிக்குப் பதின்மூன்று, பதினான்கு முறை சுற்றுகிறது. முன்பக்கத் தொங்கல் அமைப்பும் (சஸ்பென்ஷன்) ஸ்டியரிங்கும் சேர்ந்து அந்த வேகத்து அடியைத்தான் அதிகமாக வாங்கி ஆடுகின்றன. நாற்பதில் சுற்று ஆறாகக் குறைகிறது, கைக்குத் தெரியாமல் போகிறது. சோதனை ஓட்டத்துக்கு மெக்கானிக்கோடு நீங்களும் ஏறுங்கள். எண்பதைத் தொடக்கூடிய சாலை வரை அழைத்துப் போங்கள். நம் ஊரில் அதற்காக நாகர்கோவிலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றாலும் போகத்தான் வேண்டும்.

பிறகுதான் டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு. பிரேக் பிடித்தால் பேடு என்ற கட்டைகள் அதை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும். ஒரு பெரிய பட்டறையில், சக்கரத்தைக் கழற்றிப் பார்த்த மாத்திரத்தில் “டிஸ்க் வளைந்துவிட்டது” என்றார்கள். எதையும் வைத்து அளக்கவில்லை. முன்பக்கம் இரண்டு டிஸ்க்கும் பேடும் மாற்ற ஏழாயிரத்து எண்ணூறு. அன்று மாலையே காவல்கிணறு வரை ஓட்டிப் பார்த்தேன். நடுக்கம் போன இடம் தெரியவில்லை. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. வழியில் காரை நிறுத்தி நுங்கு வாங்கித் தின்றுவிட்டு வந்தேன். சில மாதங்கள் போயின. ஐப்பசி மழையும் ஓய்ந்தது. மறுபடி திருநெல்வேலி போனபோது, அதே சுங்கச்சாவடிக்கு முன்னால், அதே படபடப்பு.

பட்டறைக்குத் திரும்பிப் போனேன். “சூடான டிஸ்க்கோடு மழைத் தண்ணீரில் இறக்கியிருப்பீர்கள், வளைந்திருக்கும். மறுபடி மாற்ற வேண்டியதுதான்” என்றார்கள். மலையில் இருந்து இறங்கிய கையோடு கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீரைப் பீய்ச்சினால் கேடுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கும் பள்ளிக்கும் ஓடிய காரில், சாதாரண மழைக்கு டிஸ்க் வளையும் என்றால் ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெய்யும் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு காரும் ஓட முடியாதே! அதைச் சொன்னேன். பதில் இல்லை. இன்னொரு ஏழாயிரத்து எண்ணூறைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி யாரிடம் போனாலும் கையில் விவரத்தோடு போவது என்று முடிவு செய்து, ஒரு ஞாயிறு அதிகாலையில் நான்குவழிச் சாலைக்குப் போய் நானே சோதித்துப் பார்த்தேன். பின்னால் வண்டி வராத நேரம், காய்ந்த சாலை, நேரான பகுதி. இந்த மூன்றும் இல்லாவிட்டால் செய்யாதீர்கள். முதலில் தொண்ணூறில் இருந்து பிரேக்கை மிக மெல்ல அழுத்திப் பார்த்தேன், பிறகு கொஞ்சம் அழுத்தமாக. இரண்டிலும் கையில் நடுக்கம். கையில் தெரிந்தால் முன்சக்கரம். இருக்கையிலும் தரையிலும் மட்டும் தெரிந்தால் பின்பக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். பின்சக்கரத்தில் டிரம் பிரேக்கும் கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக்கும் உள்ள கார் என்றால், நாற்பது வேகத்தில், லீவரின் பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்தபடியே, மெதுவாக இழுத்துப் பார்க்கலாம். டிரம் வட்டம் கெட்டிருந்தால் காரின் பின்பாகம் விட்டு விட்டுப் பிடிக்கும். பொத்தானை விடக்கூடாது; சக்கரம் பூட்டிக்கொண்டால் கார் திரும்பிவிடும். மின்சார ஹேண்ட் பிரேக் உள்ள கார்களில் இந்தச் சோதனையே வேண்டாம். என் காரில் பின்பக்கம் அமைதியாக இருந்தது. இன்னொன்று, அவசரமாக ஓங்கி மிதிக்கும்போது பெடல் காலுக்கு அடியில் குறுகுறுவென்று துடித்தால் அது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்வது. 2019 ஏப்ரலில் இருந்து தயாரிக்கப்பட்ட கார்களில் அது கட்டாயம். அதைக் கோளாறு என்று எண்ணிக் கடைக்கு ஓட வேண்டாம்.

வீடு வந்ததும் சக்கரங்களுக்கு அருகே கையை நீட்டிப் பார்த்தேன், தொடவில்லை. இரண்டு முன்சக்கரத்திலும் ஒரே அளவு சூடு. ஒன்று மட்டும் தகித்தாலோ தீய்ந்த வாடை வந்தாலோ அந்தப் பக்கத்துக் காலிப்பரில் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வி) ‘பின்’ என்ற ஆணி துருப்பிடித்தோ பிஸ்டன் இறுகியோ போயிருக்கும். பேடு டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். பள்ளியில் உடன் வேலை செய்பவர் ஒருவர், தக்கலைப் பக்கம் பழைய டாக்சிகளைப் பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார் என்று சொன்னார்.

தகரக் கொட்டகை, பக்கத்தில் ஒரு பலாமரம், தொங்கவிட்ட இரண்டு பல்பு. அண்ணாச்சி என் தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். “டிஸ்க் மாற்றி எத்தனை கிலோமீட்டர் ஓடியது டீச்சர்?” என்று மட்டும் கேட்டார். ஆறாயிரத்துக்குப் பக்கம் என்றேன். “அப்படியானால் டிஸ்க்கைக் குறை சொல்லக் கூடாது” என்றார்.

இடது முன்சக்கரத்தைக் கழற்றி, சக்கர நட்டுகளுக்குக் கீழே வாஷர் வைத்து, நான்கையும் டிஸ்க்கின் மேலேயே முறுக்கினார். காந்த அடியுள்ள தாங்கியில், மிகச் சிறு அசைவையும் முள்ளால் காட்டும் ஒரு டயல் கேஜைப் பொருத்தி, அதன் முனையை டிஸ்க்கின் வெளி விளிம்பில் இருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தொடும்படி வைத்தார். பிறகு கையால் டிஸ்க்கைச் சுற்றினார். முள் மெதுவாக ஏறியது, நின்றது, இறங்கியது. “பாருங்கள், 0.14.” டிஸ்க்கின் இந்தப் பக்கவாட்டு ஆட்டத்துக்குச் சிறிய கார்களில் 0.10 மில்லிமீட்டர்தான் எல்லை, 0.05-க்குள் இருந்தால் நிம்மதி என்றார். அடுத்து மைக்ரோமீட்டரால் டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடத்தில் தடிமன் அளந்தார். ஒரு பக்கம் 16.63, அதற்கு நேர் எதிரே 16.60. வித்தியாசம் 0.03. தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. “இதற்கா இத்தனை ஆட்டம்?” என்றேன். “இதுவே அதிகம்” என்றார்.

டிஸ்க்கைச் சுத்தியலால் தட்டிக் கழற்றியபோதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. ஹப்பின், அதாவது டிஸ்க்கும் சக்கரமும் பூட்டப்படும் நடுப்பகுதியின், முகத்தில், போல்ட்டுகளைச் சுற்றி, செம்மண் நிறத்தில் துரு செதில் செதிலாக ஏறியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் நகத்தால் சுரண்டினால் பெயரும் அளவுக்குத் தடிப்பு. புதிய டிஸ்க்கை அந்தத் துருவின் மேலேயே வைத்து முறுக்கியிருக்கிறார்கள். எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். உப்புக் காற்று, மழை, லீவு நாட்களில் கார் அசையாமல் நிற்பது என எல்லாம் சேர்ந்து துருவை வளர்த்திருக்கிறது. ஹப்பில் உள்ள சிறு மேடு, அதைப் போல இரண்டு மடங்கு தள்ளி இருக்கும் டிஸ்க் விளிம்பில் இரண்டு மடங்கு ஆட்டமாகத் தெரியும்.

அப்படியானால் மாற்றிய அன்றைக்கே ஏன் நடுங்கவில்லை? எனக்குப் பெரும் புதிராக இருந்தது இதுதான். ஏழாயிரத்து எண்ணூறும் இங்கேதான் தொலைந்தது. டிஸ்க் லேசாகச் சாய்ந்து சுற்றினாலும் தடிமன் எங்கும் ஒன்றாக இருந்தால் காலிப்பர் அதோடு சேர்ந்து நகர்ந்து கொடுத்துவிடும். நமக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பிரேக் பிடிக்காமல் ஓடும் நேரம் முழுவதும், டிஸ்க்கின் சாய்ந்த பகுதி மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசிக்கொண்டே போகிறது. சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிந்துவிடுகிறது. அதன் பிறகு பிரேக் பிடித்தால், தடித்த இடத்தில் பிடி இறுகுகிறது, மெலிந்த இடத்தில் தளர்கிறது. நொடிக்குப் பதின்மூன்று முறை! அதுதான் கையில் வந்து அடிக்கிறது. எல்லாரும் சொல்லும் “டிஸ்க் வளைந்துவிட்டது” என்பது பெரும்பாலும் இதுதான். இரும்பு சூட்டில் வளைவதல்ல, சீராகத் தேயாமல் போவது. சில வேளை பேடின் பொருள் ஒரு இடத்தில் மட்டும் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்வதாலும் இதே நடுக்கம் வரும். ஹப்பைத் துடைக்காமல் எத்தனை டிஸ்க் மாற்றினாலும் சில மாதம் சுகம், பிறகு பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

கம்பி பிரஷாலும் எமரித் தாளாலும் அண்ணாச்சி ஹப்பை வெள்ளி போல் ஆக்கினார். டிஸ்க்கின் உள்முகத்தையும் தேய்த்தார். அங்கே கிரீஸை அள்ளிப் பூசக் கூடாது, அதுவே ஒரு மேடாகிவிடும் என்றார். டிஸ்க் இரண்டையும் லேத்தில் கொடுத்து முகம் சீவி வாங்கினோம். டிஸ்க்கின் மேலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். என் காருக்குப் புதியது 17, எல்லை 15 மில்லிமீட்டர். சீவிய பிறகும் அந்த எல்லைக்கு மேல் நன்றாக இருந்தால்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் புதியதே நல்லது. திரும்பப் பூட்டி அளந்தபோது 0.06 காட்டியது. அவர் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு துளை தள்ளி மாட்டி, மறுபடி அளந்தார். 0.04. போல்ட்டுக்கு நேரே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்தார். இதற்கு ஒரு பைசா செலவில்லை, யாரும் செய்வதும் இல்லை. காலிப்பர் பின்களைக் கழற்றி, துடைத்து, அதற்கென்று உள்ள கிரீஸ் தடவி மாட்டினார். பேடுகளின் முகத்தை எமரித் தாளில் தேய்த்துக் கொடுத்தார்.

சக்கரம் மாட்டும்போது காற்றுத் துப்பாக்கியைத் தொடவே இல்லை. டயர் கடைகளில் அந்தத் துப்பாக்கியை வைத்து “டர்ர்” என்று இறுக்குகிறார்களே, அதில் ஒரு நட்டு அளவுக்கு மேலும் இன்னொன்று குறைவாகவும் இறுகும்; அந்த ஏற்றத்தாழ்வே டிஸ்க்கைக் கோணலாக இழுத்துவிடும். கையால் நான்கையும் முதலில் உட்கார வைத்து, பிறகு எதிரெதிராக, குறுக்காக, படிப்படியாக இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பது காரின் கையேட்டில் இருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும்.

சீவிய டிஸ்க்கோ புதிய டிஸ்க்கோ, மாட்டியவுடன் பேடையும் டிஸ்க்கையும் பழக்க வேண்டும். அறுபதில் இருந்து இருபது வரை மிதமாக வேகத்தைக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுத்து, கொஞ்ச தூரம் ஆறவிட்டு, இப்படிப் பத்துத் தடவை. டிஸ்க் கொதிக்கும்போது பிரேக்கை அழுத்தியபடியே நிற்கக் கூடாது, பேடின் அச்சு ஒரே இடத்தில் பதிந்துவிடும். கோதையாற்றில் இருந்து பேச்சிப்பாறைக்கு இறங்கும்போது நான் இப்போது இரண்டாவது கியரில்தான் இறங்குகிறேன். பின்னால் வரும் ஜீப்காரர்கள் ஹாரன் அடிக்கட்டும். இறங்கியதும் காரைக் கழுவுவதும் இல்லை.

இவ்வளவும் நடுக்கம் மட்டும் இருக்கும்போதுதான். பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுத்தாலோ, பெடல் பஞ்சு போல உள்ளே போனாலோ, இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தாலோ சோதனை ஓட்டம் எல்லாம் வேண்டாம். நிறுத்திவிட்டு மெக்கானிக்கை இடத்துக்கே வரச் சொல்லுங்கள். கடையில் டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும் என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள்: டயல் கேஜில் எவ்வளவு காட்டியது, ஹப்பைத் துடைத்தீர்களா? கேஜ் இல்லை என்று சொல்லும் கடை கெட்ட கடை என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் என் ஏழாயிரத்து எண்ணூறை அங்கே கொடுக்கமாட்டேன். டிஸ்க்கைக் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்று நானே வாங்கிக் காரில் போட்டிருக்கிறேன். அண்மையில் மார்த்தாண்டத்தில் பஞ்சர் ஒட்டியபோது, கடைப் பையன் துப்பாக்கியைத் தூக்கியதும் அதை எடுத்து நீட்டினேன். “இதெல்லாம் எதற்கு டீச்சர்?” என்று சிரித்தான். முதல் நட்டு “டக்” என்று சத்தம் கொடுத்ததும் அவனுக்கே ஆர்வம் வந்து, மீதியைக் குறுக்காக, நான் சொல்லாமலே இறுக்கினான். ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு நான்கையும் மறுபடி ஒரு முறை பார்க்க வேண்டும் என்பதை அவனிடமும் சொன்னேன்.